சர்வதேசப் பொருளாதார ஆலோசகர் வேலையும் பாடம் நடத்துவதும்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

இருபது ஆண்டுகளுக்கு மேலாக நிதியமைச்சகங்களுக்கும் மத்திய வங்கிகளுக்கும் ஆலோசகராகப் போய்வந்தேன். இடையிடையே பல்கலைக்கழகத்தில் பாடமும் எடுத்தேன். இப்போது பாடம் மட்டும்தான். வகுப்பு முடிந்ததும் நாலு பேர் மேசையருகே நிற்பார்கள். முகம் மாறும், கேள்வி மாறாது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைக் கொடுத்திருக்கிறேன்.

1. மேடம், பொருளாதார ஆலோசகர்னா தினமும் உட்கார்ந்து என்னதான் பண்ணுவீங்க?

பெரும்பாலான நாட்கள் எக்செல்லோடு போகும். அடுத்த ஆண்டு வரி வருவாய் இவ்வளவு வரும் என்று ஒரு நாட்டின் நிதியமைச்சகம் மதிப்பிட்டிருக்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது? இறக்குமதி குறைந்தால் சுங்க வரி என்னவாகும்? எரிபொருள் மானியத்தைக் குறைத்தால் யாருடைய வீட்டுச் செலவு எவ்வளவு ஏறும்? இதற்கெல்லாம் கணக்கோடு பதில் தேட வேண்டும். அப்புறம் அந்தப் பதிலை, பொருளாதாரம் படிக்காத ஓர் அமைச்சர் காரில் போகும்போதே படித்து முடிக்கிற மாதிரி இரண்டு பக்கத்தில் எழுத வேண்டும்.

மீதி நேரம் காத்திருப்பதில் போகும். புள்ளிவிவரம் வரும் என்று, செயலர் கூப்பிடுவார் என்று, கூட்டம் நாளையாவது நடக்கும் என்று. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை என்பதால் சொல்லி வைக்கிறேன்.

2. ஐ.எம்.எஃப்., உலக வங்கி, ஐ.நா. எல்லாம் ஒண்ணுதானே? எங்க சேர்ந்தா என்ன?

ஐ.எம்.எஃப். என்ற சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் ஒரே வயிற்றில் பிறந்தவை. 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி உருவாக்கினார்கள். இரண்டுக்கும் தலைமையகம் வாஷிங்டன்தான். ஆனால் குணம் வேறு. அந்நியச் செலாவணி தீர்ந்து ஒரு நாடு திணறும்போது வருவது ஐ.எம்.எஃப்.; அது பார்ப்பது பட்ஜெட், வட்டி, செலாவணி விகிதம், கடன். சாலை, பள்ளி, மின்சாரம், சமூகப் பாதுகாப்பு என்று நீண்டகாலத் திட்டங்களுக்குக் கடன் கொடுப்பது உலக வங்கி. அங்கே பொருளாதார நிபுணருக்குப் பக்கத்து இருக்கையில் பொறியாளரும் மருத்துவரும் இருப்பார்கள்.

ஐ.நா. அமைப்புகள் பலவற்றின் கையில் கடன் கொடுக்கும் பணம் கிடையாது, ஆய்வும் பேச்சுவார்த்தையும்தான். 1964-இல் தொடங்கி ஜெனீவாவில் இயங்கும் அங்க்டாட், அதாவது வணிகத்துக்கும் வளர்ச்சிக்குமான ஐ.நா. அமைப்பு, அதற்கு நல்ல உதாரணம். அர்ஜென்டினாவின் ரவுல் பிரெபிஷ் அதன் முதல் பொதுச்செயலர். இலங்கையின் காமினி கொரியா 1974 முதல் 1984 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். மணிலாவில் ஆசிய வளர்ச்சி வங்கி போல வட்டார வங்கிகளும் உண்டு. எங்கே சேர்ந்தாலும் ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். கடன் கொடுக்கும் நிறுவனத்தின் ஆள் பேசினால் அமைச்சர் குறிப்பெடுப்பார். ஆய்வு நிறுவனத்தின் ஆள் பேசினால் தேநீர் கொடுப்பார். ஆனால் மனதில் இருப்பதைச் சொல்வது இரண்டாமவரிடம்தான்.

3. பிஹெச்டி இல்லாம உள்ளேயே விடமாட்டாங்களாமே?

இடத்தைப் பொறுத்தது. ஐ.எம்.எஃப்.-இன் இளம் பொருளாதார நிபுணர் திட்டத்துக்கு, முடித்த அல்லது முடிக்கப்போகும் பிஹெச்டி வேண்டும். உலக வங்கிக்கு ஏட்டளவில் முதுகலை போதும். போட்டியில் வருபவர்களில் பலர் பிஹெச்டி வைத்திருப்பார்கள். ஐ.நா. அமைப்புகளுக்கும் அரசுகளுக்குள் ஆலோசகராகப் போவதற்கும் நல்ல முதுகலையும் நான்கைந்து ஆண்டு அனுபவமும் போதும்.

என் கருத்து இது: பல்கலைக்கழகத்தில் நிரந்தரமாகப் பாடம் நடத்தும் ஆசை இருந்தால் பிஹெச்டி செய்யுங்கள். ஆலோசகர் வேலைக்கு மட்டும் என்றால், ஐந்தாறு ஆண்டை அதில் போடுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். அந்த ஐந்தாண்டில் ஒரு பட்ஜெட் எப்படித் தயாராகிறது என்பதை உள்ளேயிருந்து பார்த்தவர், உங்களைவிட மேலானவராக இல்லாவிட்டாலும் உங்களைவிடப் பயன்படுபவராக இருக்கலாம்.

4. சரி, எந்த வாசல் வழியா நுழையறது? வயசு வரம்பு வேற இருக்காமே?

இருக்கிறது. உலக வங்கியின் இளம் நிபுணர் திட்டம் 1963 முதல் நடக்கிறது. 32 வயது என்ற வரம்பு நெடுங்காலமாகப் பேசப்படுவது. ஐ.நா.வின் இளம் நிபுணர் தேர்வுக்கும் 32-தான். அதற்கு எந்தெந்த நாட்டவர் எழுதலாம் என்ற பட்டியல் ஆண்டுதோறும் மாறும், ஆகவே அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில அரசுகள் தாங்களே சம்பளம் கொடுத்து இளைஞர்களை ஐ.நா. அமைப்புகளில் இளநிலை அலுவலர்களாக அமர்த்துவதும் உண்டு. இவை எல்லோருக்கும் தெரிந்த வாசல்கள், வரிசையும் நீளம்.

எனக்குப் பிடித்த வாசல் லண்டனின் ஓ.டி.ஐ. என்ற வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் ஃபெலோஷிப். இதுவும் 1963-இல் தொடங்கியதுதான். முதுகலை முடித்த இளம் பொருளாதார, புள்ளியியல் பட்டதாரிகளை வளரும் நாடுகளின் அரசு அலுவலகங்களில் இரண்டு ஆண்டு வேலைக்கு அமர்த்துகிறார்கள். அங்கே நீங்கள் வந்துபோகும் விருந்தாளி இல்லை, அந்த நாட்டு அரசின் ஊழியர். மேலதிகாரி அந்த நாட்டுக்காரர். வாஷிங்டனிலிருந்து வரும் குழுவை மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்ப்பீர்கள். இருபத்தைந்து வயதில் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவர் பிறகு எந்தப் பக்கம் போனாலும் பேச்சில் ஒரு நிதானம் இருக்கும்.

5. கணக்கு எவ்வளவு தெரியணும்? எனக்கு எகனாமெட்ரிக்ஸ்னாலே காய்ச்சல் வரும்.

எகனாமெட்ரிக்ஸ், அதாவது பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் அலசும் கணக்கு, நுழைவதற்கு நிறைய வேண்டும், நுழைந்த பிறகு கொஞ்சம் போதும். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் தப்பு வரக்கூடாது. சதவீதத்துக்கும் சதவீதப் புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை (வட்டி 4-இலிருந்து 5 சதவீதம் ஆனால் ஏறியது ஒரு புள்ளி, ஆனால் 25 சதவீதம்) தவறவிட்ட பெரிய பட்டதாரிகளைப் பார்த்திருக்கிறேன். ஆலோசகருக்கு உயிர்நாடி தேசியக் கணக்கு, அரசுக் கணக்கு, வெளிநாட்டுக் கொடுக்கல்வாங்கல் கணக்கு, வங்கிக் கணக்கு ஆகிய நான்கும். ஒன்றில் ஓர் எண்ணை அசைத்தால் மற்ற மூன்றில் எது அசையும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும்.

6. மிஷன்னு சொல்லி ரெண்டு வாரம் வந்துட்டுப் போறாங்க. ரெண்டு வாரத்துல ஒரு நாட்டைப் புரிஞ்சுக்க முடியுமா?

முடியாது. ஆனால் மிஷன் என்பது என்ன என்று தெரிந்தால் கேள்வி கொஞ்சம் மாறும். ஐ.எம்.எஃப். தன் உறுப்பு நாடுகளோடு, பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை, தன் சாசனத்தின் நான்காம் பிரிவின்படி கலந்தாய்வு நடத்துகிறது. சில பொருளாதார நிபுணர்கள் கொண்ட குழு வரும். சுமார் இரண்டு வாரம் நிதியமைச்சகம், மத்திய வங்கி, தொழில்துறையினர், தொழிற்சங்கங்கள் என்று சந்திக்கும். திரும்பிப் போய் எழுதும் அறிக்கை நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்படும். அந்த நாட்டின் எண்களை ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் ஒருவர் தலைமையகத்தில் இருப்பார். இரண்டு வாரம் என்பது படித்ததைச் சரிபார்க்கும் நேரம்.

எங்கே சரிபார்க்கிறோம் என்று ஓர் உதாரணம். பட்ஜெட் பற்றாக்குறையை இரண்டு வழியில் கணக்கிடலாம். வரவிலிருந்து செலவைக் கழிப்பது ஒன்று. அந்தப் பற்றாக்குறையை அடைக்க அரசு எங்கெங்கே கடன் வாங்கியது என்று கூட்டுவது இன்னொன்று. இரண்டும் ஒரே எண்ணாக வர வேண்டும், வருவதில்லை. முதல் எண் நிதியமைச்சகத்திடமிருந்து வருகிறது, இரண்டாவது பெரும்பாலும் மத்திய வங்கியிலிருந்து. வித்தியாசத்துக்குப் ‘புள்ளியியல் வேறுபாடு’ என்று பெயர் வைத்துக் கடைசி வரியில் ஒளித்து வைப்பார்கள். நான் எந்த நாட்டு அட்டவணையை எடுத்தாலும் முதலில் அந்தக் கடைசி வரியைத்தான் பார்ப்பேன்.

ஒருமுறை அந்த வரி வழக்கத்துக்கு மாறாகப் பெருத்திருந்தது. எல்லோரும் ஏதேதோ விளக்கம் சொன்னார்கள். ஒன்பதாம் நாள், கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டு வேலை செய்த ஓர் அம்மா எங்களை ஓர் அறைக்குக் கூட்டிப்போய் அலமாரியைத் திறந்தார். அரசுக்கு வேலையை முடித்துக் கொடுத்தவர்களுக்குப் பணம் தராமல் விட்ட பில்கள், கட்டுக் கட்டாக. ஒரு பதிவேட்டில் செலவாக ஏறியிருந்தன. பணம் போகாததால் வங்கிக் கணக்கில் எதுவும் தெரியவில்லை. எங்கள் குழுவில் மூன்று பிஹெச்டி இருந்தது. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று அந்த அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு எதிர்முனையில் லாக்லின் கரி. 1949-இல் உலக வங்கி கொலம்பியாவுக்கு அனுப்பிய ஆய்வுக் குழுவின் தலைவர். ஒரு நாட்டின் பொருளாதாரம் முழுவதையும் ஆராய அந்த வங்கி அனுப்பிய முதல் குழு அது. மற்றவர்கள் திரும்பினார்கள், இவர் பிறகு அந்த நாட்டின் ஆலோசகராகவே தங்கி, குடியுரிமை வாங்கி, பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தி, 1993-இல் பொகோட்டாவிலேயே காலமானார். எல்லோரும் அப்படித் தங்க வேண்டும் என்றில்லை. ஆனால் ‘ரெண்டு வாரத்துல’ என்று கேட்பவர்களுக்கு அவரை ஞாபகப்படுத்துவேன்.

7. கன்சல்டன்ட்டா போறதும் நிரந்தர வேலையும் ஒண்ணுதானே? ரெண்டும் அதே கட்டடம், அதே அடையாள அட்டை?

அட்டையின் நிறம்கூட வேறாக இருக்கும். கன்சல்டன்ட்டுக்கு நாள் கணக்கில் பணம். ஓய்வூதியம் இல்லை, விடுப்பு இல்லை. உலக வங்கியில் குறுகியகாலக் கன்சல்டன்ட் ஒரு நிதியாண்டில், அதாவது ஜூலை முதல் ஜூன் வரை, 150 நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாது. சுதந்திரம் உண்டு, அடுத்த ஒப்பந்தம் வருமா என்ற கவலையும் உண்டு.

கையெழுத்திடும் முன் பணி வரையறையைக் கடைசி வரி வரை படியுங்கள். ‘அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு பணம்’ என்று இருந்தால், ஏற்றுக்கொள்வது யார், எத்தனை நாளுக்குள் என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டு, எட்டு மாதம் காத்திருந்தேன். ஊர்களுக்கெல்லாம் பில் நிலுவையைப் பற்றி ஆலோசனை சொன்னவளின் சொந்த பில் நிலுவை.

8. இவ்வளவு பெரிய வேலையில இருந்துட்டு ஏன் பாடம் நடத்தப் போனீங்க? அது ஓய்வுக்குப் பிறகு பண்றதில்லையா?

இந்தக் கேள்வியில் ஒரு தராசு ஒளிந்திருக்கிறது: ஆலோசனை பெரியது, பாடம் சின்னது என்று. நான் பார்த்த வரை நேர்மாறு. ஆறாம் பதிலில் சொன்ன அலமாரியை நினைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பில்களைக் கண்டுபிடித்து, அறிக்கை எழுதி, கிளம்பிவிட்டோம். அடுத்த ஆண்டு அந்த இரண்டு எண்களையும் யார் ஒப்பிடுவார்? அங்கேயே இருக்கும் ஒருவர் செய்தால்தான் உண்டு. அந்த ஒருவரை உருவாக்காமல் வந்தால், நம் அறிக்கை இன்னொரு அலமாரிக்குத்தான் போகும்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஐ.எம்.எஃப். 1964-லேயே உறுப்பு நாடுகளின் அதிகாரிகளுக்குப் பாடம் நடத்தத் தனி நிலையம் தொடங்கிவிட்டது. பின்னால் 1992-இல் வியன்னாவிலும், 1998-இல் சிங்கப்பூரிலும் பயிற்சி நிலையங்கள் வந்தன. அங்கே புகழ்பெற்ற பாடம், ஐந்தாம் பதிலில் சொன்ன நான்கு கணக்குகளையும் ஒன்றோடொன்று பொருத்தி அடுத்த ஆண்டுக்கான திட்டம் போடுவது. அதன் வேர் 1957-இல் ஐ.எம்.எஃப்.-இன் பொருளாதார நிபுணர் ஜாக் போலாக் எழுதிய ஒரு கட்டுரை. இன்றைய மாணவர்கள் அந்த மாதிரியைப் பார்த்தால் ‘இவ்வளவு எளிமையா?’ என்பார்கள். வங்கிப் புள்ளிவிவரமும் வணிகப் புள்ளிவிவரமும் மட்டும் கையில் இருந்த காலத்தில் அந்த எளிமைதான் ஓடியது.

அதிகாரிகளுக்குப் பாடம் எடுப்பது ஒரு தினுசு, இருபது வயதினருக்கு எடுப்பது வேறு தினுசு. அதிகாரிகள் ‘எங்க ஊர்ல இது நடக்காது’ என்பார்கள், காரணத்தோடு. மாணவர்கள் ‘இது ஏன் உண்மை?’ என்பார்கள். இரண்டாவது கேள்வியிடம்தான் எனக்குப் பயம். மானியம் பற்றி நான் பத்து நாடுகளில் சொல்லிவந்த ஒரு வாதத்தை ஒரு மாணவி இரண்டே நிமிடத்தில் பிரித்துப் போட்டாள். அமைச்சர்கள் யாரும் அப்படிக் கேள்வி கேட்டதில்லை. கேட்க அவர்களுக்கு நேரமில்லை.

மாணவர் கேள்வியின் வலு தெரிய 2013-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். பொருளாதார நிபுணர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-இல் எழுதிய கட்டுரையில், அரசுக் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று வந்திருந்தது. சிக்கன நடவடிக்கைக்கு ஆதரவாகப் பல தலைவர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் படித்த தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். வரவில்லை. மூல எக்செல் கோப்பை வாங்கிப் பார்த்தால், சராசரியில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அவரும் அவருடைய ஆசிரியர்களும், விடுபட்ட தரவையும் சேர்த்துச் சராசரி எடுக்கும் முறையையும் மாற்றிப் போட்டபோது 2.2 சதவீதம் வந்தது. எக்செல் பிழையைக் கட்டுரையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். மற்றவற்றை மறுத்தார்கள், கடன் கூடினால் வளர்ச்சி குறைகிறது என்பதிலும் உறுதியாக நின்றார்கள். விவாதம் எப்படிப் போனாலும் சரி, உலகமே மேற்கோள் காட்டிய எண்ணைச் சரிபார்த்தது ஒரு வீட்டுப்பாடம்.

9. ரெண்டையும் ஒரே நேரத்துல பண்ண முடியாதா? பேராசிரியரா இருந்துகிட்டே வாஷிங்டன்ல வேலை?

மாறி மாறிச் செய்யலாம். பல்கலைக்கழகங்கள் பொதுப்பணிக்கு விடுப்பு தருகின்றன, பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு. ரகுராம் ராஜன் சிகாகோவிலிருந்து ஐ.எம்.எஃப்.-இன் தலைமைப் பொருளாதார நிபுணராகப் போனார், திரும்பினார், பிறகு 2013 முதல் 2016 வரை இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநர், மறுபடியும் சிகாகோ. கீதா கோபிநாத் 2019-இல் ஹார்வர்டிலிருந்து விடுப்பில் ஐ.எம்.எஃப்.-இல் அதே பதவிக்குப் போனவர். பிறகு அங்கேயே முதல் துணை நிர்வாக இயக்குநராகி, 2025-இல் ஹார்வர்டுக்குத் திரும்பினார்.

இன்னும் நீளமான பயணம் ஸ்டான்லி ஃபிஷருடையது. இன்றைய ஜாம்பியாவில் பிறந்து, லண்டனில் படித்து, எம்.ஐ.டி.யில் பேராசிரியர். உலக வங்கியின் தலைமைப் பொருளாதார நிபுணர், ஐ.எம்.எஃப்.-இன் இரண்டாம் நிலைப் பதவி, 2005 முதல் 2013 வரை இஸ்ரேல் மத்திய வங்கி ஆளுநர், அப்புறம் அமெரிக்க மத்திய வங்கியின் துணைத்தலைவர். பதவிப் பட்டியலை விடுங்கள். அவரிடம் ஆய்வு செய்த மாணவர்களில் பென் பெர்னான்கி அமெரிக்க மத்திய வங்கியின் தலைவரானார், ஒலிவியே பிளான்ஷார் ஐ.எம்.எஃப்.-இன் தலைமைப் பொருளாதார நிபுணரானார். எட்டாம் பதிலுக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இவர்கள் எல்லோரும் நிரந்தரப் பேராசிரியர் ஆன பிறகு கிளம்பியவர்கள். நிரந்தரம் ஆவதற்கு முன் இரண்டு ஆண்டு ஆலோசனைக்குப் போனால், திரும்பி வரும்போது ‘கட்டுரை எங்கே?’ என்று கேட்பார்கள். அரசுக்கு எழுதிய குறிப்பு, அது ஒரு நாட்டின் வரிச் சட்டத்தையே மாற்றியிருந்தாலும், அந்தக் கணக்கில் சேராது. அநியாயம்தான்.

10. ஆய்வுக் கட்டுரை எழுதத் தெரிஞ்சா கொள்கைக் குறிப்பும் எழுதிடலாம்ல?

முதல் குறிப்பு கிழிபடும். கட்டுரையில் முடிவு கடைசியில் வரும், குறிப்பில் முதல் வரியில். கட்டுரையில் ‘மேலும் ஆய்வு தேவை’ என்று முடிக்கலாம். குறிப்பில் அப்படி முடித்தால், ‘வெள்ளிக்கிழமை அமைச்சரவைக் கூட்டம், நான் என்ன சொல்லட்டும்?’ என்பார் செயலர். அதற்காக உறுதியில்லாததை உறுதியாகச் சொல்லவும் கூடாது. ‘இப்படிச் செய்தால் இது நடக்க அதிக வாய்ப்பு, தவறிப்போனால் முதல் அறிகுறி இன்ன இடத்தில் தெரியும்’ என்று எழுதப் பழகுங்கள். இரண்டாம் பாதியை எழுதுபவர்கள் குறைவு.

11. நீங்க சொன்னது தப்பாப் போச்சுன்னா? கஷ்டப்படறது அந்த ஊர் ஜனங்க, நீங்க விமானத்துல ஏறிடுவீங்க.

இதைக் கேட்டவர் கோபமாகத்தான் கேட்டார், கோபத்தில் நியாயம் இருந்தது. ஆலோசகரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் தோற்கடிக்கவும் முடியாது. கேம்பிரிட்ஜின் நிக்கோலஸ் கால்டரைப் பாருங்கள். சம்பாதிப்பதற்குப் பதில் செலவழிப்பதன் மேல் வரி போடலாம் என்பது அவர் யோசனை. கோட்பாடாக அழகானது. 1956-இல் இந்தியாவுக்குப் பரிந்துரைத்தார். 1957-இல் சட்டமானது, 1962-இல் கைவிடப்பட்டது, 1964-இல் மீண்டும் வந்தது, 1966-இல் மறுபடியும் போனது. வசூல் சொற்பம், ஒருவர் எவ்வளவு செலவழித்தார் என்று கண்டுபிடிக்கும் ஆட்களும் ஏடுகளும் வரித்துறையிடம் இல்லை. 1962-இல் பிரிட்டிஷ் கயானாவில் (தென் அமெரிக்காவின் இன்றைய கயானா) அவர் ஆலோசனையோடு வந்த பட்ஜெட்டை எதிர்த்து வேலைநிறுத்தமும் கலவரமும் வெடித்து, தலைநகர் ஜார்ஜ்டவுனில் கடைவீதி எரிந்தது. அங்கே ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த அரசியலுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அந்தப் புகையைப் பார்ப்பதும் ஆலோசகர் வேலையில் சேர்ந்ததுதானே?

தப்பை ஒப்புக்கொள்ளும் முறைக்கும் உதாரணம் இருக்கிறது. ஐரோப்பிய நெருக்கடியில் அரசுகள் செலவைக் குறைத்தபோது, குறைக்கும் ஒவ்வொரு யூரோவுக்கும் உற்பத்தி சுமார் அரை யூரோதான் சரியும் என்பதுபோல் கணிப்புகள் அமைந்திருந்தன. உண்மையில் சரிவு 0.9 முதல் 1.7 வரை இருந்திருக்கலாம் என்று 2012-இல் ஐ.எம்.எஃப்.-இன் அறிக்கையே சொன்னது. அடுத்த ஆண்டு பிளான்ஷாரும் டேனியல் லீயும் அதைத் தனிக் கட்டுரையாகவே எழுதினார்கள். வேலை இழந்தவர்களுக்கு அதனால் எதுவும் திரும்பிவிடவில்லை. இருந்தாலும் தன் நிறுவனத்தின் பிழையைத் தன் பெயர் போட்டு எழுதுவது இந்தத் தொழிலில் அபூர்வம்.

12. அமைச்சர் காதுலயே போட்டுக்கலைன்னா என்ன பண்ணுவீங்க?

அதுதான் வழக்கம். ஆர்தர் லூயிஸுக்கே நடந்தது. செயின்ட் லூசியாவில் பிறந்தவர், மான்செஸ்டரில் பேராசிரியர், விவசாயத்திலிருந்து தொழிலுக்கு உழைப்பு எப்படி நகர்கிறது என்ற 1954-ஆம் ஆண்டுக் கட்டுரையால் உலகறிந்தவர். 1957-இல் புதிதாக விடுதலை பெற்ற கானாவின் பொருளாதார ஆலோசகராகப் போனார். பெரிய திட்டங்களுக்கு அள்ளி இறைக்க வேண்டாம், விவசாயத்தைக் கவனியுங்கள் என்பது அவர் வாதம். பிரதமர் என்க்ரூமா, உங்கள் யோசனை பொருளாதாரமாகச் சரியாக இருக்கலாம், அரசியல்வாதியான நான் எதிர்காலத்தின் மேல் பந்தயம் கட்டியாக வேண்டும் என்ற பொருளில் பதில் எழுதினார். 1958 முடிவில் லூயிஸ் கிளம்பிவிட்டார்.

பிறகு மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் தலைமை, பிரின்ஸ்டனில் பாடம், 1970-இல் கரீபிய வளர்ச்சி வங்கியின் முதல் தலைவர், 1979-இல் நோபல். கானாவை அவர் தோல்வியாக நினைத்தாரோ என்னவோ, எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னார், எழுத்தில் வைத்தார், முடிவெடுப்பவர் முடிவெடுத்தார். முடிவெடுக்கும் உரிமை தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குத்தான் என்பதை ஏற்க முடியாதவர்கள் தேர்தலில் நிற்கலாம். எப்போது விலகுவது என்பதற்கு என்னிடம் ஒரே அளவுகோல்: என் பெயரில் நான் சொல்லாததைச் சொல்ல ஆரம்பித்தால்.

13. பணம் கொடுக்கறவங்க சொல்றதைத்தானே கடைசியில எழுதணும்? உள்ளதைச் சொல்லுங்க.

நேரடியாக யாரும் ‘இப்படி எழுது’ என்பதில்லை. ‘இந்த வாக்கியம் கொஞ்சம் கடுமையாக இருக்கிறதே’ என்பார்கள். மூன்றாவது வரைவில் அந்த வாக்கியம் மெலிந்திருக்கும், ஐந்தாவதில் காணாமல் போயிருக்கும். சில நேரம் எண்ணே மாறும். தொழில் தொடங்கும் எளிமையை வைத்து நாடுகளைத் தரவரிசைப்படுத்திய உலக வங்கியின் புகழ்பெற்ற அறிக்கை, 2018, 2020 பதிப்புகளின் தரவில் முறைகேடுகள் வெளிவந்ததால் 2021 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. எத்தனையோ அரசுகள் அந்த வரிசையில் முன்னேறுவதையே கொள்கையாக வைத்திருந்தன.

சொந்தப் பணம் கலப்பது இன்னொரு வகை. ரஷ்யாவில் அமெரிக்க அரசுப் பணத்தில் ஹார்வர்டின் வளர்ச்சி நிறுவனம் நடத்திய ஆலோசனைத் திட்டம் 1997-இல் நிறுத்தப்பட்டது. ஆலோசனை சொன்ன நாட்டிலேயே திட்டத்தின் சிலர் சொந்த முதலீடு செய்தார்கள் என்று வழக்கு. 2005-இல் பல்கலைக்கழகம் 2.65 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அந்த நிறுவனம் 2000-லேயே கலைக்கப்பட்டுவிட்டது.

நான் செய்தது சின்ன ஏற்பாடு. ஒவ்வொரு வரைவையும் தேதியோடு வைத்துக்கொள்வேன். எந்த வாக்கியம் யார் சொல்லி மாறியது என்று ஓரத்தில் குறிப்பேன். யாரிடமும் காட்டியதில்லை. ஆனால் அப்படி ஒரு கோப்பு இருக்கிறது என்று தெரிந்ததும் திருத்தங்கள் குறைந்தன.

14. குடும்பம், குழந்தைன்னு ஆனப்புறம் இது சரிப்பட்டு வருமா மேடம்?

என்னோடு வேலை செய்த ஆண்கள் யாரிடமும் இதை யாரும் கேட்டதில்லை என்பதை முதலில் பதிவு செய்கிறேன். பதில்: ஆண்டில் நூறு நாள் பயணம் யாருக்கும் சரிப்படாது, ஆணுக்கும். வாழ்க்கைத் துணைக்கு வெளிநாட்டில் வேலை செய்யும் அனுமதி கிடைக்குமா என்பதைச் சம்பளத்துக்கு முன்னால் விசாரியுங்கள். தலைமையக வேலை, பாடம் நடத்தும் ஆண்டுகள், பயண ஆண்டுகள் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். ஒன்பதாம் பதிலில் சொன்ன விடுப்புக்கு இப்படியும் ஒரு பயன்.

15. இருபது வருஷத்துல உங்களால உண்மையிலேயே என்ன மாறிச்சு?

பெரிய பதில் எதிர்பார்த்துக் கேட்கிறார்கள். நான் எழுதிய அறிக்கைகளில் பாதியை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். ஒரு வரிச் சட்டத்தில் இரண்டு உட்பிரிவுகள் என் குறிப்பிலிருந்து போனவை. அதில் ஒன்றை அடுத்த அரசு நீக்கிவிட்டது.

அலமாரி திறந்த நாட்டுக்கு மூன்று ஆண்டு கழித்துப் பாடம் நடத்தப் போனேன். வகுப்பில் இருபத்தாறு பேர், கணக்குப் பிரிவின் இளையவர்கள். அந்த அம்மா ஓய்வு பெற்றிருந்தார். இரண்டாம் நாள் காலை அவரையே வகுப்புக்கு வரவழைத்து, பில்களை எப்படித் தேடுவது என்று பேசச் சொன்னேன். இப்போது அங்கிருந்து ஒவ்வொரு காலாண்டும் ஒரு எக்செல் கோப்பு எனக்கு வருகிறது. யாரும் அனுப்பச் சொல்லவில்லை. கடைசி வரியை மஞ்சள் நிறத்தில் தீட்டியிருப்பார்கள். சென்ற முறை அது பூஜ்யம் இல்லை. பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுதியிருந்தது.